கிணற்றடிச் சிரிப்பு

எழுபதுகள் முடியப்போகிற காலம். புங்குடுதீவில், இறுப்பிட்டியில் எங்கள் வீடு. தென்மேற்குச் சோளகக் காற்று அடங்கத் தொடங்கியிருந்த ஓர் ஆவணி மாதத்தில் இது நடந்தது. பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. நம்பாதவர்களோடு நான் மல்லுக்கட்டுவதும் இல்லை.

முதலில் என் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

மகள் பிறந்து நாலைந்து மாதத்தில் நேர்த்தி தீர்க்க நயினாதீவுக் கோயிலுக்குப் போனோம். திருவிழாக் கூட்டம். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறியபோது உள்ளே இடமில்லை. விளிம்பில், காற்றடிக்கிற பக்கத்தில்தான் இருக்கக் கிடைத்தது. பிள்ளையை மடிக்குள் பொத்திக்கொண்டு, போக வர இரண்டு முறையும் காற்றுக்கு என் முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயால் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்கம் அப்படியே செத்துப்போய்க் கிடக்கிறது. கண் மூடவில்லை. கதைத்தால் வாய் வலப்பக்கம் ஓடியது.

ஊர் ‘காற்றுப் பட்டிட்டுது’ என்றது. யாழ்ப்பாணத்து டொக்டர் அது காற்றில்லை, நரம்பு என்றார். அனேகம் பேருக்குத் தானாகத் திரும்பிவிடும் என்றும் சொன்னார். அந்த அனேகம் பேரில் நான் இல்லை. கண் மட்டும் ஒரு மாதிரி மூடப் பழகியது. வாய் வரவேயில்லை. ஊரில் வாய்க்காரி என்று பெயரெடுத்தவளுக்குப் பார்த்து வாயிலேயே பிடித்தது.

அழுதால்கூடப் பரவாயில்லை, அழுகிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரியும். சிரிப்புத்தான் பெரிய கரைச்சல். நான் மனதாரச் சிரிப்பேன், எதிரில் நிற்கிறவருக்கு அது உதட்டைச் சுழித்து நையாண்டி பண்ணுகிற மாதிரி இருக்கும். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அந்த மனுசி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் என்ன குறை கண்டாய் என்று கேட்டுவிட்டா. அன்றிலிருந்து சேலைத் தலைப்பால் இடக்கன்னத்தையும் வாயையும் மூடப் பழகினேன். குசினிக்குள் அடுப்படியில் தனியே நின்றாலும் தலைப்பு கன்னத்தில்தான் கிடக்கும்.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். பிள்ளை என்னைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் வாய் கோணிவிடும் என்று ஊரில் கதை எழும்பியது. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று அதற்கு ஒரு பழமொழியும் கைவசம் வைத்திருந்தார்கள். இதைக் கூடுதலாகப் பயந்தது என் சொந்த அக்கா. அக்கா கெட்டவள் இல்லை. யாழ்ப்பாணம் டவுனில் இருந்தவள், பிள்ளை குட்டி இல்லை. என்னிலும் என் மகளிலும் உயிரை வைத்திருந்தாள். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவாள். வந்ததும் பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வாய் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகுதான் தேத்தண்ணி குடிப்பாள்.

பால் கொடுக்கும்போது முகத்தை மூடு, விளையாட்டுக் காட்டுவதை அயல் வீட்டு அக்காவிடம் விடு என்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். பிள்ளைக்கு ஒரு வயது கழிந்து நடக்கத் தொடங்கியதும் பார்த்ததைச் செய்கிற வயது இதுதான் என்று அக்காவுக்குப் பயம் கூடிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற வயதுவரை தான் வளர்க்கிறேன் என்று கேட்டாள். என் கணவர் தெற்கே ஒரு ஊரில் கடை வைத்திருந்தவர். வருசத்தில் இரண்டு மூன்று முறைதான் வீட்டுக்கு வருவார். கதையே இல்லாத மனுசன். அவர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன். தன் பிள்ளையின் முகம் கோணிப்போவதை எந்தத் தாய் விரும்புவாள்? ஓம் என்றது வாய் மட்டும்தான். ஆவணி முடியப் பிள்ளையைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

அந்த ஒரு வருசத்தில் மகளுக்கு நான் முகத்தை மூடாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. கிணற்றடி. அவளைக் குளிக்க வார்க்கும்போது ஒரு கையால் பிள்ளை, மறு கையால் வாளி. தலைப்பை எந்தக் கையால் பிடிப்பது? இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுவேன். சுற்றிவரப் பனையோலை வேலி. ஒருவரும் இல்லை. அங்கே மட்டும் வஞ்சகமில்லாமல் அவளோடு சிரித்துச் சிரித்துக் கதைப்பேன்.

கணவரின் தம்பி இங்கிலாந்திலிருந்து வந்தது அந்த ஆவணியில்தான். தம்பி வருகிறான் என்று கணவரும் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தான். கொம்பியூட்டர் என்றால் எங்கள் ஊரில் அப்போது ஒருவரும் கண்டதில்லை. கணக்குப் பார்க்கிற பெரிய மெசின் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். இவனோ அதற்கு மனுசரின் முகத்தைப் படிக்கப் பழக்குவதாகச் சொன்னான். முகத்தைப் பார்த்து இவர் சிரிக்கிறார், இவர் கோபமாக இருக்கிறார் என்று மெசின் சொல்ல வேண்டுமாம். படித்த பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

வந்த இரண்டாம் நாள், அந்த மெசின் அடித்த ஒரு நீளத் தாளை விறாந்தைச் சுவரில் ஒட்டினான். இரண்டு கரையிலும் வரிசையாக ஓட்டை போட்ட தாள். அது நிறைய இங்கிலீசு எழுத்துகளும் புள்ளிகளும் நட்சத்திரங்களும். கிட்டப் போய்ப் பார்த்தோம், ஒன்றுமில்லை, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எல்லோரையும் வேலிப் படலையடிக்குப் போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னான். போய்த் திரும்பினேன். சுவரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மேல் சிலிர்த்தது. கிட்டப் போனால் புள்ளி, எட்டப் போனால் பெண். அயல் வீட்டுப் பெரியப்பா கிட்டவும் எட்டவுமாகப் போய்ப் போய் வந்து, கடைசியில் களைத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார். சனிக்கிழமை என்று வந்திருந்த அக்காவின் இடுப்பில் இருந்த என் மகள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மெசினைப் பழக்கத் தாங்கள் படுகிற பாட்டைச் சொல்லி, இவளுக்கு இது எப்படி முகம் என்று தெரிந்தது என்று தன்பாட்டில் கேட்டான். அவன் கேட்டதன் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு கமராவோடு ஊர் முழுக்கத் திரிந்தான். அங்கே அவர்களிடம் இருப்பதெல்லாம் வெள்ளைக்கார முகங்களாம், எங்கள் முகங்களும் வேண்டுமாம். சனத்தை நிற்கவைத்துக் கோபப்படுங்கள், கவலைப்படுங்கள், பயப்படுங்கள் என்று சொல்வான். கோபப்படச் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு வரும். அயல் வீட்டுப் பெரியப்பா ஊரிலேயே பெரிய கோபக்காரர். வேலி எல்லைக்காக வழக்குவரை போனவர். அவரை நம்பித் தம்பி கூட்டிவந்தான். கமராவுக்கு முன்னால் அந்த மனுசன் குழந்தைப்பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றார். கேட்டால், “கோவி எண்டு சொன்னாப்போலை கோவம் வருமே?” என்றார். பிறகு சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அதற்குள் தம்பியின் பிலிம் முடிந்துவிட்டது.

என்னையும் கேட்டான். என் முகத்தை எடுத்தால் உம்முடைய மெசின் வெடித்துப்போகும் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். அவன் பிறகு கேட்கவில்லை. ஆனால் சொல்லி எடுத்த படங்கள் சரிவராததால், தெரியாமல் எடுக்கத் தொடங்கியிருந்தான். தூரத்தில் நின்று கிட்டத்தில் எடுக்கிற கமரா அது. கிணற்றடி வேலிக்கு அப்பால் வாழைக்குள் நின்று, ஓலை விலகிய இடத்தால் என்னையும் பிள்ளையையும் எடுத்திருக்கிறான். இது எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் படங்களைக் கழுவிக் கொண்டுவந்த நாள் ஒரு சனிக்கிழமை. அக்காவும் வந்திருந்தாள். அடுத்த கிழமை பிள்ளையைக் கொண்டுபோகிற நாள். தம்பி அறைக்குள் பாயை விரித்து, சிரிப்பு ஓரிடம், கோபம் ஓரிடம், கவலை ஓரிடம், பயம் ஓரிடம் என்று பிரித்து, படங்களைப் பார்த்துப் போடச் சொன்னான். மனுசர் முதலில் இது இன்ன முகம் என்று சொன்னால்தானே மெசினுக்குப் பழக்கலாம் என்றான். எல்லோரும் சுற்றியிருந்து சீட்டு விளையாடுகிற மாதிரி போட்டார்கள். நல்ல பகிடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஒரு படத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கவலைப் பக்கத்தில் மெல்ல வைத்தாள். எட்டிப் பார்த்தேன். நான். கிணற்றடியில், ஈரத் தலையோடு, தலைப்பில்லாமல். அயல் வீட்டு அக்கா அதை எடுத்துப் பார்த்து, இது அழுகையில்லை, கோபம் என்று இடம் மாற்றினா. பெரியப்பா திரும்பவும் கவலைக்குள் போட்டார். சிரிப்புப் பக்கத்தில் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அந்தக் கணம் நன்றாக நினைவிருந்தது. மகள் கோப்பையால் தண்ணீரை அள்ளித் தன் தலையில் தானே ஊற்றிவிட்டு மூச்சுத் திணறி என்னைப் பார்த்தாள். நான் வயிறு நோகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் அங்கே கவலையில் கிடந்தது. அது அழுகையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

அடுப்படியில் நிற்கும்போது அக்கா கத்தியது கேட்டது. ஓடிவந்தால், கையில் இன்னொரு படத்தோடு வெளிறிப்போய் நிற்கிறாள். அது என் மகளின் முகம். அதே கிணற்றடி. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மற்றப் பக்கம் அசையாமல் கிடக்கிறது. ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. என்னுடைய முகத்தை எடுத்துச் சின்னதாக்கி ஒட்டிய மாதிரி.

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அக்கா பிள்ளையைத் தூக்கி நாடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கிழமை வேண்டாம், இன்றைக்கே பின்னேர பஸ்ஸில் கொண்டுபோகிறேன் என்றாள்.  நான் மறிக்கவில்லை. அயல் வீட்டு அக்கா பிள்ளையின் சட்டைகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினா. என் கணவர் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தம்பி மட்டும் பாயை விட்டு எழும்பவில்லை. பிள்ளையின் படங்களை மட்டும் பொறுக்கி வரிசையாக அடுக்கினான். தகப்பனின் தோளில் இருந்து சிரித்தது, அக்காவோடு சிரித்தது, ஆட்டுக்குட்டியைக் கண்டு சிரித்தது. எல்லாவற்றிலும் வாய் நேர். கிணற்றடியில் எடுத்ததில் மட்டும் கோணல். பிறகு என் படத்தைப் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். எனக்கு வாய் வலப்பக்கம் போயிருந்தது. அவளுக்கு இடப்பக்கம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி, எதிரில் நின்று பார்த்துப் படித்திருக்கிறாள் என்றான்.

“அதைத்தானே நான் அப்பவும் சொன்னனான்” என்றாள் அக்கா. 

தம்பி என்னிடம் திரும்பித் தலைப்பை எடுக்கச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். என்ன பரீட்சை வைக்கப் பார்க்கிறான் என்று அவன்மேல் கோபம்கூட வந்தது. ஆனால் பை கட்டியாகிவிட்டது. பிள்ளை அக்காவின் இடுப்பில். பின்னேரம் பஸ் வந்துவிடும். போகிற பிள்ளை என்னை ஒருமுறையாவது முழுசாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். தலைப்பை எடுத்து, கிணற்றடியில் செருகுகிற மாதிரியே இடுப்பில் செருகினேன். வீட்டுக்குள், இத்தனை பேருக்கு முன்னால், முதல் தடவை.

சிரிக்க என்னால் ஏலாமல் இருந்தது. கண்ணால் வழிந்துகொண்டிருந்தது.

அக்கா பிள்ளையின் கவனத்தைத் திருப்பக் கன்னத்தைத் தட்டினாள். மகள் அக்காவைப் பார்த்து, முளைத்திருந்த பற்கள் எல்லாம் தெரிய நேராகச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சிரிப்பேன் என்று காத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. கிணற்றடியில் எப்போதும் நான்தான் முதலில் சிரிப்பேன். இன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அவள் மெதுவாக ஒரு கண்ணைச் சுருக்கி, வாயை ஒரு பக்கம் இழுத்து, எனக்கு அதைச் செய்து காட்டினாள். செய்துவிட்டு நான் செய்கிறேனா என்று பார்த்தாள்.

நான் சிரித்தேன். அழுகைக்குள்ளால் எப்படி வந்ததோ, வந்தது. உடனே அவள் அக்காவின் இடுப்பிலிருந்து நெளிந்து இறங்கி, தளர்நடையில் வந்து என் மடியில் விழுந்தாள். விழுந்து நிமிர்ந்து அக்காவைப் பார்த்து மறுபடி நேராகச் சிரித்தாள்.

  மகளுக்கு நோய் வருத்தம் ஒன்றும் பிடிக்கவில்லை. ஊருக்கு ஒரு சிரிப்பு வைத்திருந்தாள், எனக்கு ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். எந்த முகத்துக்கு எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தம்பி என் படத்தைக் கையில் எடுத்தான். பிறகு, “மச்சாள், எங்கடை மெசின் இதைச் சிரிப்பெண்டு எடுக்காது. உண்மையைச் சொன்னா நானும் எடுத்திருக்க மாட்டன்” என்றான்.  “இது சிரிப்பெண்டு இவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?”

 எனக்கு மடியில் கிடப்பது என் பிள்ளைதானா, வேறு ஏதாவது பெரிய ஒன்றா என்று பயமாகக்கூட இருந்தது. ஒரு வருசமாக நான் தலைப்புக்குள் ஒளித்து வைத்ததை, ஒருநாளும் ஒளியவில்லை என்பதுபோல அவள் எடுத்து வைத்திருக்கிறாள்.

என் கணவர் வந்து குனிந்தார். தம்பியின் கையிலிருந்த படத்தை வாங்கிச் சிரிப்புப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார். கட்டுவதற்கு அந்த நேரம் மாடு ஒன்றும் அவிழ்ந்து நிற்கவில்லை.

பஸ் வந்தது, கோன் அடித்தது, போனது. அக்கா பையைப் பிரித்துச் சட்டைகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினாள். அன்றிரவு எங்களோடு தங்கினாள். விடிய நான் கிணற்றடிக்குப் போனால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும் வருகிறாள். நின்று பார்த்தாள். பிறகு தானும் வாயை ஒரு பக்கமாகக் கோணிப் பிள்ளைக்குக் காட்டினாள். மகள் அதிசயமாகப் பார்த்துவிட்டு, இது உனக்குரியதில்லை என்பதுபோல நேராகவே சிரித்தாள். அக்கா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். “உன்னட்டை இருந்து இவளை நான் பிரிக்கப் பாத்தனே” என்று மட்டும் சொன்னாள். போடி விசரி என்று சொல்லி அவள் தலையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

தம்பி போகும்போது அந்த இரண்டு படங்களிலும் ஒவ்வொரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டான். மெசினுக்குக் கொடுக்க இல்லை, தன் மேசையில் வைக்க என்றான். எங்களிடம் இருந்தவை பிறகு சண்டையால் இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டோடு போய்விட்டன. அதுபற்றி எனக்குக் கவலையில்லை. அந்த முகம் எனக்கு நேரிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வாய் ஒருநாளும் கோணவில்லை. பள்ளிக்கூடத்தில், கலியாண வீட்டில், எல்லா இடத்திலும் நேர்ச் சிரிப்பு. என்னைக் கண்டால் மட்டும் மற்றது.

இப்போது அவள் கடல்கடந்து இருக்கிறாள், அவளுக்கே தலை நரைத்துவிட்டது. போன வருசம் அவளிடம் போயிருந்தபோது பேரப்பிள்ளை ஒரு போனை மேசையில் நிறுத்திவைத்து எல்லோரையும் படமெடுத்தான். எல்லோரும் சிரித்தால் அது தானாகவே படத்தை எடுக்குமாம். முகத்துக்கு முகம் சின்னக் கட்டம் போட்டுக்கொண்டு அது பார்த்தது. நாங்கள் சிரித்தோம். அது எடுக்கவில்லை. “அம்மம்மா, சிரியுங்கோ” என்றான் பேரன். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பியின் நினைப்பு வந்தது. அவன் தொடங்கிய வேலை எங்கள் வீட்டு மேசைவரை வந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டேன், வந்தும் என்னிடம் வந்து நின்றுவிட்டதே என்று சிரிப்பும் கூடியது. பக்கத்தில் நின்ற மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு கண்ணைச் சுருக்கி, வாயை ஒரு பக்கம் இழுத்தாள்.

போன் பாவம், இரண்டு கோணல் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், பேச்சு வர முன்பே, இந்தக் கோணல் வாய்க்குள் என் சிரிப்பைக் கண்டெடுத்த பிள்ளை அவள். அந்த ஆவணிக்குப் பிறகு நான் ஒருவருக்கும் என் முகத்தை மூடியதில்லை.